டீ கிளாஸுக்கு அடியில் இருந்த நோட்டு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இன்றும் அதே கடை, அதே மேஜைதான். சித்தேரி மலையடிவாரத்தில் இருந்து பொம்மிடி வரைக்கும் எந்த வீட்டில் லேப்டாப் மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. வாயும் கொஞ்சம் அதிகம். ரிப்பேருக்கு வருகிறவர்களை நாலு வார்த்தை கிண்டல் பண்ணாமல் அனுப்ப மாட்டேன். கடையில் நிற்கிறவர்கள் சிரித்தால் எனக்கு உற்சாகமாகிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பொம்மிடி போகிற வழியில் ஒரு கிராமம். கணவர் லாரி டிரைவர். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் கால் நொறுங்கி, உள்ளே கம்பி வைத்து, ஒரு வருடமாக வீட்டோடு இருந்தார். அந்தச் சமயத்தில்தான் இந்தப் பெண்ணுக்கு வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கம்பெனி பெங்களூரில். இரண்டு மாதம் பார்ப்பார்கள், சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுத்தால் நிரந்தரம். அந்த வீட்டில் வேறு வருமானம் எதுவும் கிடையாது. இதையெல்லாம் முதல் நாளே என்னிடம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

லேப்டாப் பழசு. மெதுவாக ஓடுகிறது, வேலை தொடங்குவதற்குள் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டேன். அதற்குப் பிறகு டிரைவர் போட வேண்டும். டிரைவர் என்றால் வேறொன்றும் இல்லை, லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயங்க வைக்கிற சின்ன சின்ன சாஃப்ட்வேர். சத்தத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய், அந்த மாடல் எண்ணைத் தேடி, அதற்கென்று உள்ளதை இறக்கிப் போடுவதுதான் முறை. அதற்கு எனக்குப் பொறுமை ஏது? எல்லா டிரைவரும் அடங்கிய மூட்டை ஒன்று என் பென் டிரைவில் பல வருடமாக இருந்தது. சொருகினால் போதும், அதுவே ஏதோ பொருத்தமாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளும். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

நாலாவது நாள் திரும்பி வந்தார். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகிவிடுகிறது, பிறகு தானாக அணைந்து மறுபடி வருகிறது, அடித்து வைத்ததெல்லாம் போய்விடுகிறது என்றார். வாங்கி மேஜையில் வைத்து மத்தியானம் வரை ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். சரி என்று உள்ளே தூசி தட்டி, ரேமைக் கழற்றி மாட்டி, திரும்பவும் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டேன். அதே பென் டிரைவைச் சொருகினேன். நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், நிற்கவே இல்லை.

மூன்றாவது முறை வந்தபோது கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் முகம் வாடிப்போயிருந்தது. அதைப் பார்த்தாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"ஏம்மா, எங்கிட்ட இருந்தா ஓடுது, ஒங்க வூட்டுக்குப் போனா மட்டும் நிக்குதுன்னா நான் என்ன பண்றது? கண்ணு பட்டிருக்கும், எலுமிச்சம்பழம் சுத்திப் போடு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாது என்று, "வூட்ல சும்மா இருக்கறவரு கண்ட படத்தையும் டவுன்லோடு பண்ணிப் பாக்குறாரா என்னன்னு விசாரிம்மா" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பையில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு எழுதி வெச்சிருக்காருங்கண்ணா. ஒருவாட்டி படிச்சுப் பாருங்க."

"லாரி ஓட்டுறவரு லேப்டாப்புக்கு வைத்தியம் பாக்குறாரா?" என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் போன பிறகு டீ வந்தது. கிளாஸை வைக்க இடம் தேடி, அந்த நோட்டின் மேலேயே வைத்தேன்.

மூன்று நாள் அந்த நோட்டு அங்கேயே கிடந்தது. டீ கிளாஸின் வட்டம் அட்டையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்துவிட்டது. லேப்டாப்பும் மேஜையில் கிடந்தது. தினமும் காலையில் போட்டுவிடுவேன், சாயங்காலம் வரை ஓடும்.

நாலாம் நாள் ஆடிக் காற்றில் கடைக்கு வருகிற இன்டர்நெட் ஒயர் எங்கேயோ அறுந்துவிட்டது. என் மேஜையில் வருகிற லேப்டாப் எல்லாவற்றுக்கும் நான் ஒயரைத்தான் சொருகுவேன். வேகமாக இருக்கும், வைஃபைக்குப் பாஸ்வேர்டு அடிக்கிற வேலை கிடையாது. பழக்கம். அன்று ஒயர் இல்லாததால் என் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அந்த லேப்டாப்பை இணைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, திரை நீலமானது. அணைந்து மறுபடி வந்தது. திரும்ப இணைத்தேன், திரும்ப நீலம். இந்த முறை திரையின் அடியில் எந்த ஃபைலால் நின்றது என்று ஆங்கிலத்தில் இருந்த பெயரைப் படித்தேன். வைஃபை டிரைவர். என் பென் டிரைவ் மூட்டையில் இருந்து போன டிரைவர். பழையது, அந்த மாடலுக்கே உரியது இல்லை.

கிளாஸை நகர்த்திவிட்டு நோட்டை எடுத்தேன்.

முதல் வரி: 'கடையில் இருந்து வாங்கி வந்த மறுநாள் ஆரம்பம்.'

அதற்குக் கீழே தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது நின்றது என்று வரிசையாக இருந்தது. ஹாட்ஸ்பாட் போட்டு எட்டு நிமிடம், நின்றது. ஹாட்ஸ்பாட் போட்டுப் பன்னிரண்டு நிமிடம், நின்றது. ஹாட்ஸ்பாட் போடாமல் சும்மா டைப் அடித்து இரண்டு மணி நேரம், நிற்கவில்லை. நீலத் திரையில் வந்த அந்தப் பெயரையும் வண்டி நம்பர் எழுதுவது போலப் பெரிய பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வைத்திருந்தார். ஆறு பக்கம். படித்திருந்தால் கால் மணி நேர வேலை. நானோ இரண்டு முறை அழித்துப் போட்டு, இரண்டு முறையும் அதே நோயையே மருந்து என்று கொடுத்து அனுப்பியிருந்தேன்.

சரியான டிரைவரைத் தேடி இறக்கிப் போட்டேன். மறுநாள் முழுக்க ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். நிற்கவில்லை. இதுவரைக்கும் நான் செய்தது முட்டாள்தனம். இதற்கு மேல் செய்ததுதான் இன்றுவரை என்னை விடாமல் அறுக்கிறது.

அந்தப் பெண் வந்தார். சரியாகிவிட்டது என்றேன். "என்னங்கண்ணா பிரச்சனை?" என்று கேட்டார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "விண்டோஸ் அப்டேட்டுல வந்த கோளாறும்மா" என்று சொல்லிவிட்டேன். நோட்டைப் படித்தீர்களா என்று கேட்டார். "அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்" என்றேன். நான் எடுத்து நீட்டிய நோட்டை அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டதற்கு, இந்த முறை ஒன்றும் வேண்டாம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அதற்கு அவர் நன்றி வேறு சொன்னார்.

பிறகு தயங்கித் தயங்கி, கம்பெனியில் முந்தின நாளே தன்னை வேலையில் இருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார். லேப்டாப் கோளாறுதான் காரணம் என்று சர்வீஸ் கடையில் இருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தால் மறுபடி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு லெட்டர் தர முடியுமா என்று கேட்டார்.

கடை பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். உண்மையை எழுதினால் அந்தப் பெயருக்குக் கீழே எழுத வேண்டும். 'விண்டோஸ் அப்டேட் காரணமாக ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து நானே போன் பண்ணிக் கேட்டேன். "இல்லீங்கண்ணா, ஒத்துக்கலீங்க. அப்டேட்டு எல்லாருக்குந்தான வருது, மத்தவங்களுக்கு நிக்கல, ஒங்களுக்கு மட்டும் ஏன் நின்னுச்சுன்னு கேட்டாங்க. அவங்க கேக்குறதும் சரிதானுங்களே" என்றார். குரலில் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகும் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, நடந்ததை நடந்தபடி இன்னொரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் அவர் கணவர் மட்டும் இருந்தார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நாற்காலியைக் காட்டினார். மனைவி ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு மாவு காயப் போடப் போயிருப்பதாகச் சொன்னார். கடிதத்தைக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"மொத வரியிலயே எழுதியிருந்தனுங்களே" என்றார். "நாங்க வண்டியக் கொண்டுபோய் விட்டா மெக்கானிக்கு மொதல்ல கேக்கறதே 'எப்பலருந்துண்ணா?'ன்னுதாங்க. அதான் மொதல்ல அத எழுதுனேன்."

"படிச்சேன்" என்றேன்.

"எப்பங்க?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது. ஒன்று சுலபம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"அந்த மொத லெட்டர எழுதறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார். "அவ வர்ற நேரந்தான். அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிடலாமா என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது. எப்படியோ உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் முழங்கை வரைக்கும் மாவு படிந்த கையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணா" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிரைவர், பென் டிரைவ், நோட்டு, லெட்டர் எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் பண்ணுன எதனாலயும் இல்லீங்களா?"

இல்லை என்றேன்.

"நாந்தான் எதையோ தப்பாத் தொட்டுக் கெடுத்துப்புட்டேன்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தனுங்கண்ணா. இவரு இல்லடின்னு சொல்லிட்டேதான் இருந்தாரு. அண்ணன் எத்தன வருஷமா பாக்குறவரு, அவருக்குத் தெரியாதான்னு நாந்தான் இவரோட சண்ட போட்டேன்."

சொல்லிவிட்டு மாவுக் கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடையில் அத்தனை பேர் நடுவில் நான் சொன்ன எலுமிச்சம்பழமும் டவுன்லோடும் அப்போது என் காதிலேயே கேட்டது. மன்னித்துவிடம்மா என்றேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடிதத்தையும் கம்பெனிக்கு அனுப்பினார்களாம். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்ததாகக் கேள்வி. அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் அவர் சேகோ பேக்டரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பிறகு வேறொரு கம்பெனியில் அதே மாதிரி வேலை கிடைத்துவிட்டது. அதே லேப்டாப்தான். கணவரும் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். அவர்கள் என் கடைக்கு வருவதில்லை. ஏதாவது கோளாறு என்றால் பொம்மிடியில் ஒரு கடைக்குப் போகிறார்கள். பஸ்ஸில் ஒருமுறை எதிரில் பார்த்தபோது அந்தப் பெண் "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பென் டிரைவை எப்போதோ உடைத்துப் போட்டுவிட்டேன். கிண்டலும் குறைந்துவிட்டது. யார் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும் முதலில் "எப்பலருந்துங்க?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு அவர்கள் வாயைத் திறக்கிற அந்த ஒரு நொடியில், 'உங்ககிட்ட கொடுத்து வாங்குனதுல இருந்துதான்' என்று சொல்லிவிடுவார்களோ என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.