சுதாவுக்குப் படைத்த சேலை

கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் டீக்கடை நடத்தும் சின்னம்மாளின் வாய்க்குப் பயப்படாத டிரைவர் அந்தப் பக்கம் கிடையாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனால்கூட, பஸ்ஸை மறித்துத் திட்டுவாள். அப்படிப்பட்டவளையும் ஒருவன் ஏமாற்றினான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் கூடாது.

அவள் மகள் சுதா, திருத்தணி ரயிலடியிலிருந்து வீடு திரும்பும் வழியில் கொலையானாள். பின்னாலேயே சுற்றியவனைச் செருப்பைக் கழற்றிக் காட்டி விரட்டியதுதான் அவள் செய்த குற்றம். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரியாக வீட்டிலேயே கும்பிடுவது அவர்கள் வழக்கம். வருஷா வருஷம் கலசம் வைத்து, மணவறை காணாத மகளுக்குச் சிவப்புக் கூரைச் சேலை சாத்துவாள் சின்னம்மாள்.

அந்தப் படையலுக்கு வெளியாட்களைச் சேர்ப்பதில்லை. பத்திரிகைக்காரன் ஸ்ரீதரைச் சேர்த்தாள். “நீயும் எம் புள்ளயாட்டந்தான் நைனா” என்று சோறு போட்டு, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

அவன் எழுதினான். சுதாவின் படத்தோடு வந்த அந்தப் பக்கத்தை, படிக்கத் தெரியாத சின்னம்மாள் பெருமையாகக் கடைச் சுவரில் ஒட்டினாள். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு டீ குடித்தார்கள்.

இந்த வருஷப் படையலன்று ஸ்ரீதர் ஒரு சினிமா டைரக்டரோடு வந்து நின்றான். கதையைச் சென்னைக் கம்பெனி வாங்கிவிட்டதாம்.

“ஹீரோயின் கட்டிக்க அந்தச் சேலை வேணும்மா. உங்க பொண்ணு காதலனுக்காக ஒளிச்சு வெச்சிருந்தாங்களே, அது” என்றார் டைரக்டர்.

“யாருக்கு இன்னா காதல்?”

அவர் விளக்கமாகவே சொன்னார். ஸ்ரீதர் எழுதியபடி, சுதாவுக்கும் அவளைக் கொன்றவனுக்கும் காதலாம், அவனுக்காகக் கூரைச் சேலையாம், சண்டையில் கத்தியாம். சின்னம்மாள் கலசத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினாள்.

“வாடா ஸ்ரீதரு. நீ எழுதனது நெசம்னு எம் பொண்ணு முன்னாடி சொல்லி, இத்த அணை.”

ஸ்ரீதர் கையை நீட்டினான். தீ கிட்டே வந்ததும் இழுத்துக்கொண்டான். “நெறைய பேர் படிக்கணுமேன்னுதாம்மா...”

“அதுக்கு எம் பொண்ண அந்தக் கொலகாரனுக்கே கட்டி வெச்சியாடா, பாவி!”

டைரக்டர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். “பிரமாதம்மா. இத அப்படியே படத்துல வெச்சிடலாம். உரிமை எங்ககிட்டதான இருக்கு.”

சின்னம்மாள் போனைப் பிடுங்கினாள். பின்கட்டுக்குப் போய், எருமையின் கழனித்தண்ணித் தொட்டியில் போட்டாள்.

“உன் உரிமை அடியில கீது. கைய உட்டு எடுத்துக்கினு போ!”

அதே வேகத்தில் கடைக்குப் போய், சுவரிலிருந்த பக்கத்தைக் கரண்டியால் சுரண்டினாள். முதலில் பெயர்ந்து வந்தது சுதாவின் முகம். எழுத்தெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.