முப்பது தாண்டியவர்கள் பேசக் கூடாத இடம்

"…அதனால நீ பேசுனது போதும்டி செல்வி, இனி டீய ஊத்து" என்றாள் பசீலா, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால். மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே அவளும் அவள் கணவரும் மிளகு வாங்கி விற்கும் கடை. அதன் பின்கட்டில் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்த, பல்கலைக்கழகத்தில் படிக்கும் கெம்பஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி பேனாவை மெதுவாக மூடினாள். பதினாறு வருடமாக நோர்வேயில் இருக்கிறேன். அங்கே யாரும் என்னை வாயை மூடச் சொன்னதில்லை. அந்த மொழியில் நான் வாயைத் திறப்பதே குறைவு, அதனால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பேச்சுக்காரி என்று பெயர் வாங்கிய என் ஊரிலேயே என்னை அடக்கிவிட்டாளே என்ற எரிச்சலில் கேத்தலைத் தூக்கினேன்.

பேர்கன் நகரத்துப் பல்கலைக்கழகமொன்றின் கன்டீனில் மேசை துடைப்பது என் வேலை. ஜன்னலோர மேசையில் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு வைலேடர் வந்து உட்காருவார். மாணவர்களோடு பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் பெண்மணி. எதிரில் வந்து உட்காரும் பிள்ளையிடம் அவர் முதலில் கேட்பது மார்க்ஸ் அல்ல. "ட்ரீவெஸ் டூ?" என்பார். இங்கே மனம் ஒட்டுகிறதா, உனக்குச் சந்தோஷமா என்ற மாதிரி ஒரு கேள்வி. ஒருநாள் என்னிடமும் கேட்டார். வேலையில் ஏதோ புகார் என்று பயந்து, "நான் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை, வேறு பதிலுக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்து மேசையைத் துடைக்கப் போனேன். தமிழில் கேட்டிருந்தாலும் போயிருப்பேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமை. "எனக்கு என்ன பிடிக்குமென்றே தெரியவில்லை" என்று பத்தொன்பது வயதில் சொல்லி அழ அவர்களுக்கு ஒரு மேசை இருக்கிறது! எங்களை ஊரில் கேட்டதெல்லாம், வகுப்பில் "எத்தனையாம் பிள்ளை?" என்பது மட்டும்தான்.

பசீலாவும் நானும் ஏ.எல். பரீட்சையை ஒன்றாக எழுதி ஒன்றாகக் கோட்டைவிட்டவர்கள். ரிசல்ட் வந்த அன்று மாத்தளை பஸ் ஸ்டாண்டில் கடலை தின்றுகொண்டு, "இனி நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க புள்ள, நிம்மதி" என்றாள். அவள் மிளகுக் கடைக்கு மருமகளாகப் போனாள். நான் கல்யாணம் முடித்து விமானம் ஏறினேன். எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை என் அண்ணன் மகள் கௌசல்யா. "அவ கெம்பஸ்ல கால வெச்சதுல இருந்து இந்த லயமே ரெண்டு அடி ஒசந்துருச்சு" என்பான் அண்ணன். ஞாயிறு தவறாமல் போன் எடுத்து அவளுக்குப் புத்தி சொன்னேன். அங்கேயே நின்றுவிடாதே, பேர்கனுக்கு வா, மாஸ்டர்ஸ் படி, என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றேன். "பாப்போம் அத்தை" என்பாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் போனைத் தூக்குவதே இல்லை. கேட்டால், "பசீலா ஆன்ட்டி வீட்டுல இருந்தேன் அத்தை."

எனக்கு வயிறெரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? என்னோடு சேர்ந்து ஃபெயிலானவள்! கண்டியைத் தாண்டாதவளிடம் என் மருமகள் அப்படி என்ன கேட்கிறாள்? இந்த முறை லீவில் வரும்போது மாஸ்டர்ஸ் விண்ணப்பத்தை நானே நிரப்பிக்கொண்டு வந்தேன். கௌசல்யா சரி என்றால் போதும். அந்தக் கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஞாயிறு வந்ததும் அவள் பின்னாலேயே மிளகுக் கடைக்குப் போனேன்.

ஞாயிறுதோறும் கெம்பஸ் பிள்ளைகள் கூடும் அங்கே, பசீலா போட்ட ஒரு சட்டம். முப்பது தாண்டியவர்கள் டீ ஊற்றலாம், வாய் திறக்கக் கூடாது. "இந்தச் சட்டம் வந்தப்பறம் ஞாயித்துக்கெழமையில எனக்கு நல்ல ரெஸ்ட்டு" என்று என் காதில் கிசுகிசுத்தார் பசீலாவின் கணவர். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்தக் கிழமையில் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் பரீட்சையிலும் மார்க்ஸ் கிடைக்காததாக இருக்க வேண்டும். என்ஜினியரிங் படிக்கும் ஒருவன் தம்புள்ளைச் சந்தையில் லொறிக்காரர்களோடு பூசணிக்காய் இறக்கியிருக்கிறான். "அவங்க கையில தூக்கியே எத்தன கிலோன்னு சொல்றாங்க. நா போன எடுத்துக் கணக்குப் போட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க." அடுத்து ஒரு பெண், "ஃபைனல் இயர் முடியப் போவுது, நா எதுக்கு லாயக்குன்னே தெரியல" என்று சொல்லித் தலைகுனிந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. நோர்வே, வைலேடர், தன்னம்பிக்கை, நான் தனியாகவே மொழி படித்த கதை என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். பிள்ளைகள் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். பார்த்தாயா என்று கௌசல்யா பக்கம் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பசீலா தன் சட்டத்தைத் தானே மீறினாள். "இவங்க கெம்பஸ்ல நாள் பூரா அடுத்தவங்க பேசறதத்தான் எழுதுறாங்க. இங்கயும் எழுத வெச்சிட்ட. அதனால…" மிச்சத்தைத்தான் மேலே சொன்னேன்.

ஊற்றினேன். பாதி கிளாஸில், பாதி தட்டில். அப்போது கௌசல்யா பேசினாள். விரிவுரை இல்லாத புதன்கிழமைகளில் லயத்து ஆட்களோடு பிரதேச செயலகத்துக்குப் போகிறாளாம். சிங்களத்தில் எழுதத் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்துபோனவர்களுக்கு ஃபோர்ம் நிரப்பிக் கொடுத்து, கவுன்டரில் பேசுகிறாளாம். "இந்தக் கெழம நாப்பது வயசு அக்கா ஒருத்தங்களுக்கு மொதத் தடவையா பிறப்புச் சான்றிதழ் கெடச்சிச்சு. எம் பேர இன்னொருக்கா வாசிம்மான்னாங்க. மூணு தடவ வாசிச்சேன். எனக்கு அந்த எடத்துல நிக்கத்தான் புடிச்சிருக்கு." பிறகு நேரே என்னைப் பார்த்தாள். "அத்தை, அந்த அப்ளிகேஷன் இந்த வருஷம் போக வேணாம். போன்ல சொல்லப் பாத்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் "ட்ரீவெஸ் டூ?" என்று கேட்கிறார்களே என்று இத்தனை வருடம் எரிந்தேன். அந்தக் கேள்வியை இவளிடம் ஒருதரமாவது கேட்டேனா? கேட்காதவளுக்கும் பொறாமை மட்டும் குறையவில்லை. அவள் பதில் சொன்ன இடம் என் வீடாக இல்லையே என்று அப்போதும் நெஞ்சு காந்தியது. பசீலாவைப் பார்த்தேன். ஜெயித்துவிட்ட சிரிப்பு கொஞ்சம் தெரிந்திருந்தால் அவளோடு நன்றாகச் சண்டை பிடித்துவிட்டுப் பின்னேர பஸ்ஸுக்கே போயிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தவள், ஒரு கால் பிள்ளைகள் பக்கமும் ஒரு கால் முற்றத்திலுமாகச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, நான் உட்காரப் பாதிப் படி விட்டாள்.