எக்ஸ்றே கண்ணாடி போட்ட கார்

என் கணவரின் கால்கள் வீங்குவது அந்தக் காரால்தான் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். நான் நம்பினேன். எங்களோடு வசிக்கும் அவருடைய தமக்கை, என் மச்சாள், என்னைவிட உறுதியாக நம்பினார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகன், காரை அனுப்பியவன் தான்தான் என்பதால், தொலைபேசியில் குற்றம் செய்தவனைப் போலக் கதைத்தான். காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தால், மத்தியானம்வரை என் கணவர் எழும்புவதில்லை. கால்களைத் தொங்கப்போட்டபடி இத்தனை மணிநேரம் இருந்தால் நீர் இறங்காமல் வேறென்ன செய்யும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அதில் ஓர் ஆறுதல் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். காரணம் மேசைமேல் ஒரு சாண் நீளத்தில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியில் வந்தது பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் சிறு மாதிரி. இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. வெள்ளைப் பிளாஸ்ரிக் துண்டுகள் சட்டங்களில் காய்களைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து, இலக்கம் பார்த்து ஒட்டினால், பெட்டியின் மேல் இருந்த படத்தைப் போல மினுங்குகிற குடும்பக் கார் ஒன்று வரும். மகன் கேட்டது அதையல்ல.

"படத்தில இருக்கிற மாதிரிச் செய்ய வேண்டாம் அப்பா. நான் வந்த காரைச் செய்து தாங்கோ" என்றான்.

அவன் வந்த காரை வன்னியில் ஒரு காலத்தில் அறியாதவர்கள் குறைவு. 'அறுத்த கார்' என்றால் போதும். போர்க்காலத் தடையால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வராத அந்த ஆண்டுகளில், கனகராயன்குளத்தில் கராஜ் வைத்திருந்த ஒருவர், இதே வகைக் காரொன்றை முன் இருக்கைகளுக்குப் பின்னால் இரும்பறுக்கும் வாளால் அறுத்து, பின்பக்கத்துக்குப் பாலைப் பலகையும் கூரைத் தகரமும் அடித்து, ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய வண்டியாக்கினார். அது நோயாளரை ஏற்றியது. மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர் பிடிக்காது என்பதால், முன்மூடிக்குப் பக்கத்தில் ஒரு சேலைன் போத்தல் கட்டியிருந்தது. அதிலிருந்து சில துளி பெற்றோலைக் குழாய்வழியே விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்பக்க யன்னல்களுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்த எக்ஸ்றே படங்களை வெட்டிப் பூட்டியிருந்தார்கள்.

அந்தக் கராஜில் வேலை பழகிய இளைஞர்களில் ஒருவர் என் கணவர். எங்கள் மகன் பிறக்க இருந்தபோது பூநகரியிலிருந்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தது அந்தக் கார்தான். ஓட்டியவர் அவர். உச்சி வெயில் நேரம். பலகையில் படுத்திருந்த என் முகத்துக்கு நேரே யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன. நோவு வரும்போதெல்லாம் அவற்றை எண்ணினேன். இடையில் வண்டி இரண்டு தரம் திக்கியது. போத்தலில் பெற்றோல் முடிந்துவிட்டது என்பதும், இயந்திரம் நின்றால் அந்த வெளியில் நாங்கள் நின்றுவிடுவோம் என்பதும் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிய பிறகும் இயந்திரத்தை நிறுத்தப் பயந்து, வண்டியை உறுமவிட்டபடியே உள்ளே ஓடிவந்தாராம். கடைசி இடப்பெயர்வில் அந்தக் கார் எங்கோ தெருவோரத்தில் கைவிடப்பட்டது. ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

ஆகவே மல்லாவியில் எங்கள் வீட்டு மேசையில், நினைவை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் புதிய காரொன்றை அறுக்கத் தொடங்கினார். வாள் அலகின் உடைந்த துண்டொன்றைக் கைப்பிடியாகத் துணி சுற்றி வைத்திருந்தார். கூரையை அறுத்த அன்று அவருடைய கை சற்றும் நடுங்கவில்லை. பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சிகளைத் தேய்த்து மெலிதாக்கினார். தகரத்துக்குப் பால்மாப் பேணி. இடைவெளிகளை அடைக்க, அப்பச்சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு துளி ஒட்டுப்பசை விடுவார். அது கணத்தில் கல்லாக இறுகிவிடும்.

"குசினியில அப்பச்சோடா இல்லை. எங்க போச்சுதெண்டு எனக்குத் தெரியும்" என்று மச்சாள் வாசலில் நின்று சொல்லுவார். "பேரப்பிள்ளை காண்கிற வயதில இவருக்கு விளையாட்டுக் கார். காலைப் பார் தம்பி, பணியாரம் மாதிரி ஊதிக் கிடக்கு."

"நல்லதுதானே அக்கா. கல்லு ரோட்டில ஓடின கார். இந்தக் கால் மொத்தத்தில ரயர் இருந்தால் குலுக்காது."

நான் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் காலையில் அவர் விழிக்கும் முன் பெருவிரலால் அவருடைய முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. விரலை எடுத்த பிறகு குழி அப்படியே இருக்கும். அது நிரம்பும்வரை என் மூச்சை எண்ணுவேன். முதலில் ஐந்து. பிறகு ஒன்பது. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம், நூலகத்தில் இத்தனை ஆண்டுகள் புத்தகங்களுக்கு நடுவே வேலை செய்த எனக்கும் இருந்தது.

மச்சாள் வைத்தியத்தைக் கையிலெடுத்தார். உடம்புச் சூடு நீரைக் கட்டிவைத்திருக்கிறது, அதை இறக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். நொச்சி இலை அவித்த நீரில் கால்களைக் கழுவினார். கிணற்றடித் தென்னையிலிருந்து நாளுக்கு இரண்டு இளநீர், வெறும் வயிற்றில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அவர் குடித்து முடிக்கும்வரை மச்சாள் பக்கத்தில் நிற்பார். இளநீர் உடம்புக்குக் கெடுதல் செய்யும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், எங்கள் ஊரில் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். காய்ச்சலுக்கும் அதுதான், களைப்புக்கும் அதுதான்.

"பிள்ளை, காரை எடுத்துப் பூட்டும்" என்றார் என்னிடம். "கதிரையை விட்டு எழும்பினால் எல்லாம் வத்தும்."

என் கணவர் தோட்டத்துப் பக்கம் போயிருந்த நேரத்தில் அரைகுறைக் காரையும் வாளையும் பசையையும் பெட்டியில் அடுக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டின் திறப்பை என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். திரும்பி வந்தவர் வெறும் மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீருமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மூன்று கிழமைகளும் அவர் கால்களைத் தலையணைமேல் உயர்த்திப் படுத்திருந்தார். நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. பிறகு ஒருநாள் அவர் முகம் கழுவும்போது, அவருடைய கண்ணிமைகள் தடித்திருப்பதைக் கண்டேன். காரைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. அது பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது. அந்தக் காலைதான் என் வாழ்வின் மிகப் பயங்கரமான காலை என்று நினைக்கிறேன். எறிகணையும் குண்டும் விழுந்த நாட்களில் பயத்துக்கு ஒரு திசை இருந்தது, ஓடுவதற்கும் ஒரு திசை இருந்தது. இப்போது வீடு அமைதியாக இருந்தது. குசினியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் முகம் துடைக்கும் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். நெஞ்சில் நீர் இருக்கிறதா என்று எக்ஸ்றே எடுத்தார்கள். வைத்தியர் இளம் பெண். கோப்பிலிருந்து தலையை உயர்த்தாமல், "என்னென்ன குடிக்கக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

மச்சாள் பெருமையோடு சொன்னார்: "இளநீர்தான் பிள்ளை. ஒரு நாளும் தவறவிடேல்லை."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். சிறுநீரகங்கள் இரண்டும் பெரும்பாலும் செயலிழந்துவிட்டன, நோய் கனகாலமாக உள்ளே இருந்திருக்கிறது, அதற்கு இளநீர் காரணமில்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஆனால் இந்த நிலையில் இளநீரில் உள்ள பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்திவிடக் கூடும் என்றார். "இனி ஒரு மிடறும் வேண்டாம் அம்மா."  மச்சாள் தன் இரு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தபடி இருந்தார். அந்த மூன்று கிழமைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் நான். திறப்பு என் தலைப்பில்தான் இருந்தது.

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ். மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, அங்கிருந்து வவுனியா பஸ். கனகராயன்குளத்தைத் தாண்டும்போது அவர் யன்னல் பக்கம் திரும்புவார். கராஜ் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக்குக் காசு போடுகிற கடை. போகும்போது "உதிலதான் கராஜ்" என்பார். திரும்பும்போது களைப்பில் கண் மூடியிருப்பார். அப்போது அவருக்குப் பதிலாக நான் பார்ப்பேன்.

முதல் தடவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே அலுமாரியைத் திறந்து, காரை மேசையில் வைத்தேன். கால்களை உயர்த்த ஒரு சிறு மர வாங்கையும் இழுத்துப் போட்டேன். மச்சாள் குசினியிலிருந்து அப்பச்சோடாப் பேணியை எடுத்துவந்து, அவருடைய கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வேலை இப்போது மெல்ல நடந்தது. மாதிரியில் வழக்கமாக எல்லோரும் மினுக்குகிற பாகங்களை அவர் மங்கவைத்தார். சாம்பலையும் செம்மண்ணையும் குழைத்து வர்ணப்பூச்சோடு கலந்து பூசினார். விமானங்களுக்குத் தெரியாமலிருக்க அறுத்த காருக்குச் சேறு பூசுவது வழக்கம். முன்விளக்குகளின் மேற்பாதிக்குக் கறுப்புத் தீந்தை. பலகைகள் ஆறா ஏழா என்று தமக்கையோடு இரண்டு நாள் வாதாடினார்.

"ஏழு. எங்கட ஐயா விழுந்தபோது ஏத்திக்கொண்டு போனதில நான் பக்கத்தில இருந்தனான்" என்றார் மச்சாள்.

"நான் அடிச்ச பலகை அக்கா. ஆறு."

கடைசியில் ஏழு வைத்தார்.

யன்னல்களின் முறை வந்தபோது, உறையிலிருந்து தன் எக்ஸ்றே படத்தை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். "நாலு யன்னலுக்கும் இது காணும்" என்றார்.

நான் படத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சாருங்கோ, அது வேண்டாம். பழைய படமொண்டு ஆரிட்டயாவது கேட்டு எடுப்பம்."

"அந்தக் காரிலயும் ஆரோ ஓராளின்ர நெஞ்சுதானே இருந்தது. அவர் பாவம் கோவிக்கேல்லையே. நீர் கத்தரிக்கோலைத் தாரும்."

கத்தரிக்கோலைக் கொடுத்தேன். விரல் நகமளவு நான்கு துண்டுகள். அவற்றில் ஒன்றில் வெள்ளையாக ஒரு கோடு குறுக்கே ஓடியது. அது விலா எலும்பின் ஓரம். அந்த யன்னலை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அடுத்த தடவை வைத்தியர் பழைய படத்தைக் கேட்டு, ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். "காருக்குக் கண்ணாடி போட்டிட்டன் டொக்டர்" என்றார் இவர். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் அன்று முதன்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மிஞ்சியது பெற்றோல் போத்தல். தெளிந்த பேனையொன்றின் உடலை மெழுகுதிரியில் சூடாக்கி இழுத்து, நுனியில் அரிசியளவு போத்தலொன்றை உருட்டியிருந்தார். குழாய்க்கு ஒரு தலைமயிர் அளவு கம்பி. அதற்குள் அவருடைய கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மூன்று தரம் வைத்தார். மூன்று தரமும் விழுந்தது. நான்காவது தரம் சிறு இடுக்கியை என்னிடம் நீட்டினார்.

"நீர் வையும். ஒட்டுமட்டும் அசையாதேயும்."

மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். ஒட்டியது. அவர் குனிந்து பார்த்து, "இனி இது எடுபடும்" என்றார். வண்டி இயக்கத்துக்கு வரும் என்பதை எங்கள் கராஜ்களில் அப்படித்தான் சொல்வார்கள். தொலைபேசியில் மகனுக்குக் காட்டினோம். அவன் காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னான். "அப்பா, நான் எந்தப் பக்கம் தலை வைச்சு வந்தனான்?" என்று கேட்டான். "நீ வரேல்லை, கொம்மாதான் வந்தவா" என்று இவர் சொல்லிவிட்டு, சிறு கார் மேசையில் தானாக உருளாதபடி சில்லுக்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ஒரு வியாழக்கிழமை, வவுனியாவுக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலில் அமர்ந்தார். எழும்பவில்லை. மகன் வந்து, கிரியைகளைச் செய்து, திரும்பிப் போனான். காரைக் கொண்டுபோகச் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும் என்றான்.

கிணற்றடித் தென்னையில் இப்போது யாரும் இளநீர் பறிப்பதில்லை. காய்கள் முற்றி, நினையாத நேரங்களில் தொப்பென்று விழும். ஒவ்வொரு முறையும் மச்சாளும் நானும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். காலையில் மச்சாள் கதிரையிலிருந்து எழும்பும்போது, அவருடைய கால்களை நான் பார்ப்பதை அவர் கண்டிருக்கிறார். என்னுடையவற்றை அவரும் பார்க்கிறார். கார் மேசையில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.