கருகின மரத்துக்கு அடியில என்ர கால்

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. சிட்னியில வெய்யில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு மலைப்பிளவுக்குள்ள, இடுப்பளவு தண்ணியில, குளிரில நடுங்கிக்கொண்டு நிண்டன். என்ர இடது கால் ஒரு மரத்துக்கு அடியில அகப்பட்டிருந்தது. இழுத்தால் வரேல்லை. மேல பார்த்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிஞ்சுது. அதுவும் கறுத்துக்கொண்டு வந்தது.

அடியார்களே, அண்டைக்கு என்ர கதை முடிஞ்சுது எண்டுதான் நான் நினைச்சன். இப்ப உங்களுக்கு முன்னால நிண்டு கதைக்கிறன் எண்டால் அது முருகன் தந்த உயிர். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரிச் சொல்லுறன்.

என்னைக் கனபேருக்குத் தெரியும். பேர் சுகந்தி. வெள்ளிக்கிழமையில இந்தக் கோயிலில பூமாலை கட்டிற ஆக்களோட இருப்பன். நார்த்மீட்டில வீடு. வெஸ்ட்மீட்டில இரத்தம் பரிசோதிக்கிற கூடத்தில வேலை. எங்கட அறைக்கு யன்னல் இல்லை. கிழமை முழுக்க அந்த ரியூப் லைட்டுக்குக் கீழ இருந்திட்டு, சனிக்கிழமை விடிஞ்சால் எனக்கு வெளியில ஓடவேணும் போல இருக்கும். நாப்பது வயசுக்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. முதலில காட்டுப் பாதையில நடை. பிறகு மலை. பிறகு கயிற்றில தொங்கி மலைப்பிளவுக்குள்ள இறங்கிறது.

என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டது கிரேஸ். என்னோட வேலை செய்யிறவ. மலேசியாத் தமிழ், வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ. வாய் ஓயாது. எங்களைக் கூட்டிக்கொண்டு போறது கஜன். எங்கட அடுத்த தெரு, ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன், கயிறு கட்டி மலை ஏறிறதில முறையாப் பயிற்சி எடுத்தவன். என்ர மனுசன் ஒருநாளும் வரமாட்டார். "உமக்கு வீட்டில இருக்கேலாத வியாதி" எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவார்.

புளூ மவுண்டன்ஸ் பக்கம் இப்படிப் பிளவுகள் கனக்க இருக்கு. தண்ணி காலங்காலமாப் பாறையை அறுத்து அறுத்து, ரெண்டு கையையும் விரிக்கேலாத அளவுக்கு ஒடுக்கமா, ஆழமா ஒரு வழி விட்டிருக்கும். உள்ளுக்க பாசியும் பன்னச் செடியும். சரியான வடிவு. ஆனால் உள்ள இறங்கினால் வந்த வழியால திரும்பேலாது. மற்றப் பக்கத்தால்தான் வெளியில வரலாம்.

அண்டைக்கு இருட்டினாப் பிறகுதான் மழை எண்டு வானிலையில சொன்னவை. மத்தியானத்துக்கு முதல் வெளியில வந்திடுவம் எண்டு வெள்ளணவே போனம். பாதிக்கு மேல தாண்டிட்டம். ஒரு இடத்தில, காட்டுத் தீயில கருகின பெரிய யூக்கலிப்டஸ் மரம் ஒண்டு மேலயிருந்து விழுந்து, பிளவுக்குக் குறுக்கால சாய்ஞ்சு நிண்டது. அதுக்குப் பக்கத்தால சறுக்கிக் கீழ இருக்கிற குட்டைக்குள்ள இறங்கவேணும். கஜன் இறங்கினான். கிரேஸ் இறங்கினா. நான் இறங்கேக்க மரம் உருண்டுது.

சத்தம்தான் முதல் கேட்டது. பிறகுதான் நோவு தெரிஞ்சுது. மரத்தின்ர ஒரு முனை தண்ணிக்க விழுந்து என்ர காலைப் பாறையோட வச்சு அமத்திப்போட்டுது. மற்ற முனை மேல ஒரு பாறை இடுக்கில போய்ச் செருகிக்கொண்டு நிண்டது.

கஜன் மூழ்கிப் பார்த்தான். தோள் குடுத்துத் தூக்கிப் பார்த்தான். கயிறு போட்டு ரெண்டு பேரும் இழுத்துப் பார்த்தினம். மரம் அசையேல்லை. ஒவ்வொருக்கா இழுக்கேக்கையும் நான் கத்தின கத்து பாறையில பட்டுத் திரும்பி எனக்கே வந்தது.

போன் வேலை செய்யாது. எங்களிட்டை ஒரு அவசரக் கருவி இருந்தது. அமத்தினால் செய்மதி எண்ட சாட்டிலைட் வழியாச் செய்தி போகும். ஆனால் அதுக்குத் திறந்த வானம் வேணும். அந்தப் பிளவுக்குள்ள அது சும்மா மினுங்கிக்கொண்டிருந்தது. செய்தி போகேல்லை.

"அக்கா, நான் மிச்சப் பிளவையும் தாண்டி வெளியில ஏறித்தான் இதை அமத்தவேணும்," எண்டான் கஜன். அவன்ர முகத்தைப் பார்க்கப் பாவமா இருந்தது.

"போ."

"உங்களை இப்படி விட்டிட்டு எப்படி அக்கா..."

"நீ இங்க நிண்டு என்ன செய்யப்போறாய்? போ ராசா."

அவன் கிரேசிட்டை என்னைக் கயிற்றில பிடிச்சுக்கொண்டிருக்கச் சொன்னான். பிறகு என்ர ஹெல்மெட்டில கையை வச்சு, "போட்டு வாறன் அக்கா," எண்டான். அந்த "வாறன்" எண்ட சொல்லைத்தான் நான் கனநேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில மேல சிக்காடாப் பூச்சியளின்ர இரைச்சல் பட்டெண்டு நிண்டுது. பூச்சி அடங்கினால் மழை கிட்டவா வந்திட்டுது எண்டு கஜன்தான் முந்தி ஒருக்காச் சொன்னவன். முதலில பெரிய துளிகள். பிறகு இடி. பிளவுக்குள்ள இடி கேட்டால் மலையே உடைஞ்சு விழுற மாதிரி இருக்கும்.

கிரேஸ் எனக்கு மேல ஒரு பாறைப் படியில குந்திக்கொண்டு, என்ர இடுப்புப் பட்டியில கட்டின கயிற்றைக் கையில சுத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தா.

"சுகந்தி, என்னையப் பாரு. தண்ணியப் பாக்காத. பேசிக்கிட்டே இரு லா."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையாச்சும் பேசு. இல்லன்னா சாமி கும்பிடு. நான் என் சாமியக் கூப்பிடுறேன், நீ உன் சாமியக் கூப்பிடு."

நான் சின்ன வயசிலயிருந்து முருகன் பாட்டுப் பாடிறவள். எத்தினை பாட்டுப் பாடம். அண்டைக்கு ஒரு வரி வாயில வரேல்லை. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தன். எல்லாம் வெறுமையாக் கிடந்தது. "முருகா" எண்ட ஒரு சொல்லுத்தான் மிச்சம். அதையே சொல்லிக்கொண்டிருந்தன்.

அப்ப தண்ணி ஏறத் தொடங்கிச்சுது. மண்ணிறத் தண்ணி. இலை, சுள்ளி எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்தது. வயித்துக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது.

நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான். "முருகா, தண்ணியை நிப்பாட்டு. மழையை நிப்பாட்டு. என்ர பிள்ளையள் வீட்டில இருக்குதுகள். நிப்பாட்டு." கெஞ்சினன். அழுதன். ஏசினன் எண்டும் சொல்லவேணும். "உனக்குக் காது இல்லையே?" எண்டு கேட்டன். தண்ணி நிக்கேல்லை. ஏறிக்கொண்டே வந்தது.

உங்களில ஆராவது கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போயிருப்பியள். அந்தக் களைப்பு எப்படியெண்டு எனக்கு இப்ப தெரியும். கேக்கிற ஆள் இல்லை, சும்மா பாறையோட கதைக்கிறன் எண்ட மாதிரி இருக்கும். தண்ணியை விட அதுதான் எனக்குக் கூடின பயமா இருந்தது.

தோள் மூடினாப் பிறகு நான் கிரேசிட்டைச் சொன்னன், "நீ மேல ஏறு. கயிற்றை விடு. உன்னையும் இழுத்துக்கொண்டு போடும்."

"மாட்டேன்."

"கிரேஸ், உனக்கும் குடும்பம் இருக்கு."

"மாட்டேன்னு சொல்றேன்ல! வாய மூடிட்டுக் கும்பிடு!"

ஒருநாளும் என்னோட கோவிக்காதவ. அழுது அழுதுதான் என்னை ஏசினா.

தண்ணி நாடிக்கு வந்தது. தலையை மேல நிமித்தி, மூக்கை மட்டும் வெளியில வச்சுக்கொண்டிருந்தன். அந்த நேரத்தில எனக்குள்ள ஏதோ ஒண்டு விட்டுப்போச்சு. பயம் போகேல்லை. ஆனால் அதை நிப்பாட்டு, இதைச் செய் எண்டு கேக்கிறது நிண்டுபோச்சு. "அப்பனே, எனக்கு வழி தெரியேல்லை. உனக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்." இவ்வளவுதான் சொன்னன். வாயாலயும் சொல்லேல்லை. வாயைத் திறந்தால் தண்ணி.

மேலயிருந்து பெரிய வெள்ளம் ஒண்டு இரைஞ்சுகொண்டு வந்தது. என்ர தலை மூடிப்போச்சு. இருட்டு. காதுக்குள்ள இரைச்சல். அதுக்குள்ள "டொக்" எண்டு ஒரு சத்தம், எலும்புக்குள்ள கேட்ட மாதிரி. கால் இலேசாச்சு.

மரம் மிதந்திட்டுது.

தீயில கருகி உள்ளுக்க கோறையாப் போன மரம். தண்ணி போதுமான அளவுக்கு ஏறினவுடன அது கிளம்பி, இடுக்கில செருகியிருந்த முனையும் கழண்டு, திரும்பி, வெள்ளத்தோட போயிட்டுது. நான் எந்தத் தண்ணியை நிப்பாட்டச் சொல்லிக் கெஞ்சினனோ, அந்தத் தண்ணிதான் மரத்தைத் தூக்கினது. நான் கேட்டபடி அது இடையில நிண்டிருந்தால் மரமும் அப்படியே நிண்டிருக்கும்.

கிரேஸ் கயிற்றை விடேல்லை. அவ எப்படி என்னை அந்தப் படிக்கு இழுத்தா எண்டு எனக்குத் தெரியாது, அவவுக்கும் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கொண்டு, எங்களுக்குக் கீழ தண்ணி ஓடிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தம். என்ர கால் பிழையான பக்கம் திரும்பிக் கிடந்தது. எனக்கு அது பெரிசாத் தெரியேல்லை.

மழை விட்டுத் தண்ணி வடிஞ்சு, இருள முதல் மீட்புக்காரர் கயிற்றில இறங்கி வந்தினம். கஜன் அந்த மழையுக்க சறுக்கிச் சறுக்கி ஏறி, கருவியை அமத்தி, அவையளுக்கு இடம் காட்டியிருக்கிறான். அவன்ர ரெண்டு கையிலயும் தோல் இல்லை. எங்களைக் கண்டவுடன அவன் நிலத்தில குந்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

வந்த ஆக்களில ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, என்ர காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, மரம் எங்க எண்டு கேட்டா. போயிட்டுது எண்டு சொன்னன். அவ கட்டை இறுக்கி முடிச்சா. பிறகு சொன்னா, நாங்கள் வாற நேரம் வரைக்கும் நீ அந்தக் குளிர் தண்ணிக்க அகப்பட்டு நிண்டிருந்தால் தாங்கியிருக்கமாட்டாய் எண்டு. அவவுக்கு நான் கும்பிட்டது ஒண்டும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு என்ர மனுசன் ஓடி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து என்ர கையைப் பிடிச்சார். பிறகு, "இனிப் போகவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போம்," எண்டார்.

காலுக்குத் தகடு வச்சிருக்கினம். இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறன், காணுறியள்தானே. பிறகும் கனநாள் லிஃப்டுக்குள்ள ஏறேலாமல் இருந்தது. கதவு பூட்டினால் நாடிக்குத் தண்ணி வந்த மாதிரி இருக்கும். முருகன் அதை ஒரே நாளில மாத்தேல்லை. மெல்ல மெல்லத்தான் மாறினது. இப்ப லிஃப்டுக்குள்ள அவன்ர பேரைச் சொல்லிக்கொண்டு ஏறுறன்.

என்ர மகன் என்னைக் கேட்டான், "அம்மா, மரம் ஃப்ளோட் பண்ணும்தானே, அது சயன்ஸ்தானே?" எண்டு. ஓம் மகன், சயன்ஸ்தான். நானும் சயன்ஸ் படிச்சவள்தான். ஆனால் மரம் மிதக்கும் எண்டது அண்டைக்கு எனக்கு ஞாபகம் வரேல்லை. கஜனுக்கு வரேல்லை, கிரேசுக்கு வரேல்லை. முருகனுக்கு ஞாபகம் இருந்தது.

கிரேஸ்தான் என்னை இண்டைக்கு இங்க பேசச் சொன்னவ. "இதத்தான் நாங்க சாட்சின்னு சொல்லுவோம். உனக்குக் கெடச்சத உன் கோயில்ல சொல்லாம வச்சிருக்காத," எண்டா. பின் வரிசையில இருக்கிறா, பாருங்கோ. அவவின்ர சேர்ச்சிலயும் நான் போய்ச் சொன்னன். அவையளும் அழுதவை.

என்னில மாறினது பெரிசா ஒண்டுமில்லை. முந்திக் கும்பிடேக்க இது வேணும், அது வேணும், அதுவும் இப்படித்தான் வேணும் எண்டு கேப்பன். இப்பவும் கேக்கிறன். ஆனால் "இப்படித்தான்" எண்டதை விட்டிட்டன். மனசு இலேசா இருக்கு.

இந்த மண்டபத்தில இருக்கிற உங்களில ஆரோ ஒருத்தர் இப்ப அகப்பட்டு நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். விசாவோ, வருத்தமோ, வீட்டுக்குள்ள வெளியில சொல்லேலாத ஒண்டோ. தண்ணி நிக்கேல்லை எண்டதுக்காக முருகன் கேக்கேல்லை எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. பாட்டு வராட்டி பேரைச் சொல்லுங்கோ. பேரும் வராட்டி, ஆரும் ஒருத்தற்ற கையைப் பிடியுங்கோ.

பூசை முடிய நான் சப்பாத்து வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில, கதிரையில இருப்பன். கனநேரம் நிக்கேலாது எனக்கு. ஆருக்கும் கதைக்கவேணும் போல இருந்தால் வந்து பக்கத்தில இருங்கோ. ஒண்டும் கதைக்காமலும் இருக்கலாம்.