மூன்று நாள் பெருக்காத மூலை

போன வாரம் எட்டயபுரத்து வாசகர் ஒருவர் போஸ்ட் கார்டில் என்னை மடக்கப் பார்த்தார். 'இளம் சூரியனைச் சுற்றித் தட்டு மாதிரி பரவிக் கிடந்த வாயுவும் தூசியும்தான் கிரகங்களாயின என்று எழுதினீர். சரி. தூசி எப்படி ஐயா ஒன்றோடொன்று ஒட்டும்?'

மடங்குகிற ஆளா நான்? பதில் அடுத்த வீட்டிலேயே இருந்தது. மாரியம்மாள் — கோவில்பட்டியில் பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி ஒன்றில் தரை பெருக்குபவர். கார்டைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“ஒட்டாமயா? மிஷினுக்கு அடியில வந்து பாருங்க அண்ணாச்சி. ஒருநா பெருக்கலைன்னா பஞ்சுத்தூசி தானா உருண்டு கெடக்கும்.”

“மூணு நாள் விட்டா?”

கேட்டது நான்தான். பஞ்சுத்தூசி சேர்ந்தால் தீப்பிடிக்கும். பெருக்காதவருக்கு அங்கே வேலை கிடையாது. தெரிந்தேதான் கேட்டேன். ஆர்வக்கோளாறு! அவரும் எனக்காக ஒரு மூலையை விட்டுவைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். ஆஹா... கடுகளவில், நெல்லிக்காயளவில் உருண்டைகள்! மிஷின் காற்றில் பெரியது உருண்டு போகிற வழியில் சின்னதையெல்லாம் சேர்த்துக்கொண்டது. நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

பின்னால் பாக்டரி மேஸ்திரியின் குரல், மாரியம்மாளை நோக்கி. “என்னட்டி இது? நாளையிலருந்து நீ வர வேண்டாம்.”

மாரியம்மாள் முகம் செத்துவிட்டது. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

“குத்தம் என்னுது மேஸ்திரி” என்று ஆரம்பித்து, பூமி பிறந்த கதையை அங்கேயே சொன்னேன். தூசியும் தூசியும் மோதி ஒட்டின. கட்டியாயிற்று. கட்டிகள் சேர்ந்து மலையாயிற்று. பெருத்ததும் தன் ஈர்ப்பு சக்தியாலேயே மற்றதை இழுத்துக்கொண்டது. எத்தனையோ லட்சம் வருஷ வேலை... வேறு நட்சத்திரங்களைச் சுற்றி இன்றும்கூட நடக்கலாம். எந்த மேடையிலும் நான் இவ்வளவு உருகிப் பேசியதில்லை.

மேஸ்திரி அசையவில்லை. “பூமி கெடக்கட்டும். இங்கன தீப்பிடிச்சா ஒங்க விஞ்ஞானியளா வந்து அணைப்பாவ?”

நியாயமான கேள்வி. மாரியம்மாள்தான் பதில் சொன்னார்.

“பெருக்காதது தப்புதான் மேஸ்திரி. ஆனா அன்னைக்குச் சாமி சுத்தமாப் பெருக்கியிருந்தா, இன்னைக்கு நீங்க நின்னு ஏச எடம் ஏது?”

மேஸ்திரி சிரிப்பை அடக்கப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்தது. “சரி சரி... வாரியலை எடு. இனி ஒரு தூசி கெடக்கப்படாது.”

இரண்டே நிமிஷத்தில் என் கிரகங்கள் எல்லாம் கோணிச் சாக்குக்குள். போகட்டும்... மாரியம்மாள் நாளைக்கும் வேலைக்குப் போகிறார்!