நாய்க்கு முதல் பக்கம் கொடுத்தவர்

சந்திரனில் மனிதன் இறங்கிய அதே மழைக்காலத்தில் ஞானமுத்து காலமானார். சயான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார், காலையில் உயிர் போய்விட்டது என்று அவர் மனைவி ரூத் அம்மாள் என் அலுவலகத்துக்கே வந்து சொன்னார். மறுவாரம் மாட்டுங்காவில் எங்கள் தபால்தலைச் சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. ‘நம் சங்கத்தின் அருமை உறுப்பினர்’ என்று செயலாளர் தீர்மானம் வாசித்தார். அந்தப் பொய்க்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்து இதை வாசிக்கும் நீங்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞானமுத்து தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தார். நான் குமாஸ்தாவாக இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தோல் மாதிரிகள் கொண்டுவருவார். ஒருநாள் ஹங்கேரியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கப்போனேன்.

“அந்தக் கவர கிழிச்சிராதிய சார்! மேல ராக்கெட்டு போட்டிருக்கு, பாருங்க” என்று பதறினார்.

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. அவருடைய ஆல்பம் முழுக்க விண்வெளிதான். ஒவ்வொரு தபால்தலைக்கும் கீழே தன் கையால் தமிழில் விவரம் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில், மனிதனுக்கு முன்பே ராக்கெட்டில் போய்த் திரும்பாத அந்த நாயின் ருமேனியத் தபால்தலை. விண்வெளிக்குப் போன முதல் மனிதனுக்கு இரண்டாம் பக்கம்தான். ஏன் என்று கேட்டேன்.

“போயிட்டு வந்தவங்களுக்கு மாலை போட ஊரே இருக்கு சார். ஒன்னத் திரும்பக் கூட்டிட்டு வரமாட்டோம்னு இதுகிட்ட யாரு சொன்னா?”

மூன்று வருடங்களுக்கு முன் சங்கத்தின் கண்காட்சிக்கு நான்தான் அவரை வற்புறுத்தி அழைத்துப்போனேன். செயலாளர் ஆல்பத்தைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.

“தோல் நாத்தம் அடிக்கறதே ஓய்! மத்த ஆல்பத்துலயும் ஒட்டிண்டுடும். மாடிப்படி ஓரமா வைக்கச் சொல்லும்.”

என்னிடம்தான் சொன்னார், ஞானமுத்துவின் காதில் விழும்படி. நான் மேஜையைப் படியோரத்துக்குத் தூக்கினேன். ஆம், நானேதான் தூக்கினேன்.

சலவைச் சட்டையில் இரண்டு நாளும் அவர் படியோரம் நின்றார். கூட்டம் அங்கேதான் கூடியது. வெளியிலிருந்து வந்திருந்த நடுவர் அரைமணி நேரம் அந்த நாய்ப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. முதல் பரிசு இதற்குத்தான் என்றார். “அவர் மெம்பர் இல்லையே” என்றார் செயலாளர். பரிசு யாரோ சேர்த்த ராணிகளின் முகங்களுக்குப் போனது.

அதன்பிறகு ஞானமுத்து மூன்று முறை உறுப்பினராக விண்ணப்பித்தார். ஒவ்வொரு முறையும் கமிட்டி பார்க்கும் என்ற ஒரே பதில். அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன்.

“விடுங்க சார். ஸ்டாம்பு எங்கிட்ட இருக்கு, சங்கம் அவங்ககிட்ட இருக்கட்டும்” என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தில் நான் எழுந்தேன். “அவர் மெம்பர் இல்லை. நாமதான் சேத்துக்கலை. அதையும் தீர்மானத்துல எழுதுங்கோ.”

“போனவர் பேர்ல எதுக்கு ஓய் தகராறு? அந்த ஆல்பத்தை வாங்கித் தாரும். சங்கத்துப் பேர்ல டெல்லி கண்காட்சிக்கு அனுப்பலாம்” என்றார் செயலாளர்.

மறுநாளே தாராவிக்குப் போய் ரூத் அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் ஆல்பத்தைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்த மனிதர் எங்கள் மீது ஒருநாளும் கோபப்படவில்லை. அவர் படாமல் விட்டுப்போன கோபத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யார் சமாதானம் சொன்னாலும் அதைக் கைவிடுவதாக இல்லை.