சாமி இல்லாத காலண்டர்

நாற்பதைத் தாண்டினால் மற்றவர்களுக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குக் கேமரா வந்தது. செம்பூரில் எங்கள் கட்டட மொட்டைமாடியில் காயும் துணிகளை ஓரம் தள்ளிவிட்டு மேகம் எடுக்க ஆரம்பித்தேன். மேகம் அலுத்ததும் மேலிருந்து ஊரை எடுக்கும் ஆசை வந்தது. டிரோன் வாங்கலாமா என்று வீட்டில் கேட்டேன். "ஒரு பக்கம் அணுசக்தி நகர், ஒரு பக்கம் ஏர்போர்ட். நடுவுல நீங்க பறக்க விடுங்க. டிபன் பாக்ஸ் ஜெயிலுக்கு அனுப்பறேன்" என்றாள் மனைவி. ஆகவே உயரமான கட்டடங்களில் யாரையெல்லாம் தெரியும் என்று நினைவுபடுத்திக்கொண்டு, அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் படிப்பைப் பற்றித் திடீரென்று அக்கறையாக விசாரிக்கிறவன் ஆனேன்.

தாராவியில் நான் அரிசியும் நல்லெண்ணெயும் வாங்கும் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. அவருடைய மச்சினர் பக்கத்து அடுக்குமாடியில் இருந்தார். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னதும் அந்த மொட்டைமாடியின் சாவி என் கைக்கு வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு மத்தியானம் கருமேகம் பிளந்து, ஒரே ஒரு ஒளித்தூண் தாராவியின் தகரக் கூரைகள்மேல் இறங்கியது. முக்கால் படம் வானம், கால் படம் கூரை. எடுத்து முடித்ததும் சுற்றிலும் பார்த்தேன். கைதட்ட யாருமில்லை.

அண்ணாச்சியிடம் காட்டினேன். "நல்லா இருக்கு சார்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர் வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டரில் இதைப் போடலாமே என்றேன்.

"எதிர்த்தாப்புல ஒருத்தன் புதுசா கடை போட்டிருக்கான் சார். நம்ம ஊர்க்காரன்தான். சனங்க அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காவ. இந்த வருசம் காலண்டர் நல்லா அமையணும்" என்றார். பிறகு தயங்கி, "இதுல முருகன் எங்க நிப்பாரு?"

"வானத்தைவிடப் பெரிய சாமி உண்டா அண்ணாச்சி?" என்றேன். குரலில் லேசாக ஒரு நடுக்கம்கூட வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"படிச்சவிய சொல்லுதீங்க. சரியாத்தான் இருக்கும்."

அச்சுக்குப் போகுமுன் வடிவமைப்பும் நானே செய்தேன். ராகுகாலம், எமகண்டம் இருந்த பட்டையை எடுத்தேன்; அது இருந்தால் வானத்துக்கு மூச்சு முட்டியது. தேதிக் கட்டங்களைத் துவரம்பருப்பு அளவுக்குக் குறைத்தேன்.

புத்தாண்டன்று காலையில் குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அண்ணாச்சி உட்காரவைத்தார். பாராட்டு வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்தேன்.

முதலில் வந்த அம்மாள் காலண்டரை விரித்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். "அண்ணாச்சி, சாமி எங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் இயற்கையைப் பற்றிச் சிறியதாக ஒரு உரை ஆற்றினேன். அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேகத்துக்கு எப்படி சார் சூடம் காட்டுறது?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம்.

அடுத்து வந்தவள் படத்தில் விரலை வைத்தாள். "ஏ, இது எங்க வீட்டுத் தார்ப்பாயில்லா! மேல டயரு வச்சிருக்கோம் பாரு!"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த நீலம்தாம்மா படத்துக்கே உயிர்."

"ஒழுகுத கூரைய உள்ள இருந்து பாக்குறது பத்தாதுன்னு, சுவத்துலயும் மாட்டிப் பாக்கணுமாக்கும்?"

கடையே சிரித்தது. தயிர் வாங்க வந்த ஒரு இளைஞன், "க்யா அண்ணாச்சி, மொபைல்ல மேப் ஃப்ரீ. இத போய் பிரிண்ட் போட்டிருக்கீங்க?" என்றான். ராகுகாலம் எங்கே என்று ஒருவர். பால்காரர் வராத நாளை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று இன்னொருவர்.

முதலில் வந்த அம்மாள் என்னருகே வந்து, எனக்காக வருத்தப்படுகிறவர்போலச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். எங்க ரூம்ல ஒரு ஆணிதான். சாமியும் தேதியும் அதுலதான் தொங்கணும்."

காலண்டரைச் சுருட்டிக் கல்லாமேல் வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். திரும்பும்போது அவர் கையில் ஒரு பிள்ளையார் இருந்தார். இன்னொரு கையில் பையும் இருந்தது. பை காலியாக இல்லை. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே பருப்பு நிறுத்தார்.

அதன் பிறகு யார் கேட்டாலும் அவரே முந்திக்கொண்டார். "அச்சாபீஸ்ல படத்த மாத்திப் போட்டுட்டான் தாயீ. அடுத்த வருசம் சரி பண்ணிருதேன்." நான் பக்கத்திலேயே இருந்தேன். "ஆமாம், இப்போதெல்லாம் அச்சாபீஸ் அப்படித்தான்" என்று ஒருமுறை நானும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். "சும்மா இருந்தா கொஞ்சம் வாங்க சார்." திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஆறுதலாகப் போனேன். கடையின் உள்ளே அவரும் அவர் மனைவியும் காலண்டர் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முருகன் ஸ்டிக்கர்கள், கதவில் ஒட்ட விற்பார்களே, அவை. ராகுகாலத்தை ஜெராக்ஸ் எடுத்து நறுக்கியும் வைத்திருந்தார்கள்.

"கை பத்தலை சார், அதான்" என்றார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

உட்கார்ந்து ஒட்டினேன். வலது மேல் மூலையில், மேகம் இருண்டிருந்த இடமாகப் பார்த்து ஒட்டினேன். அங்கே ஒட்டினால் ஒளித்தூணுக்குப் பழுதில்லை. நாலைந்து போயிருக்கும். அண்ணாச்சியின் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"என்ன சார், முருகனை மூலையில நிறுத்திட்டீங்க? கிளாஸ்ல பதில் சொல்லாத பிள்ளை மாதிரி?"

"இல்லம்மா, இந்த வெளிச்சம் இருக்கே, அது மறைஞ்சா..." என்று ஆரம்பித்தேன். அவர் கை காலண்டரோடு நின்றது. அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை. அவர் தன் கடைக்காக ராகுகாலத் துண்டுகளில் பசை தடவிக்கொண்டிருந்தார். நான் என் வெளிச்சத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒட்டியதை நகத்தால் கிளப்பி, நடுவில், ஒளித்தூணின்மேல் அழுத்தி ஒட்டினேன். அதற்குப் பிறகு எல்லாமே நடுவில்தான்.

சாயங்காலம் அந்த ஒற்றை ஆணி அம்மாள் கடை வாசலில் போனார். அண்ணாச்சி கூப்பிட்டு ஒன்றை நீட்டினார். அவர் விரித்து, கைநீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"மேகத்துக்குள்ள இருந்து முருகன் இறங்கி வாரமாதிரி அம்சமா இருக்கே! பிள்ளையாரை எதிர்த்த வீட்டுக்குக் குடுத்துருதேன்." பையை விரித்து, "அரைக்கிலோ உளுந்து போடுங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி எழுந்து தராசுக்குப் போனார்.

"படம் யாரு எடுத்தது அண்ணாச்சி?"

கேமரா வாங்கிய நாளிலிருந்து நான் காத்திருந்த கேள்வி அது. அண்ணாச்சி என் பக்கம் திரும்புவதற்குள் குவியலுக்குப் பின்னால் குனிந்து அடுத்த முருகனை உரிக்க ஆரம்பித்தேன்.